ஓட்டத்தைப் பார்க்காத ஒலிம்பிக் ரசிகை

பெரகலச் சந்தியில் முச்சக்கர வண்டி கவிழ்ந்து என் மகளுக்குக் கால் முறிந்துவிட்டது. பண்டாரவளையில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை அறைக்குள் அவளைக் கொண்டுபோனதிலிருந்து வெளியே, உறவினர் காத்திருக்கும் மண்டபத்தில் நடந்துகொண்டேயிருந்தேன்.

அந்த மண்டபத்தில் சந்தோஷமாக இருந்தவர், தரை துடைக்கும் அம்மா மட்டும்தான். கம்பளித் தொப்பி போட்டிருந்தார். துடைப்பக் கம்பின் நுனியில் நாடியை ஊன்றியபடி, தொலைக்காட்சியில் ஒலிம்பிக் பார்த்துக்கொண்டிருந்தார். தடை தாண்டும் ஓட்டம்.

"அந்தக் கட்டைய ஓரமாத் தூக்கி வச்சுட்டு ஓடலாம்ல, சேர்?"

"விளையாட்டுன்னா ரொம்பப் புடிக்குமாங்க?"

"ஐயோ, ஒரு மண்ணும் தெரியாதுங்க! ஓடுறப்ப துணியப் பிழிஞ்சுக்கிட்டு இருப்பேன். முடிஞ்ச பொறகுதான் பாப்பேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் கூட்டத்துல யாரையோ தேடுறாங்க, பாருங்க. அந்தா, அந்தப் புள்ள அம்மாவக் கண்டுபுடிச்சிருச்சு!" என்று கை தட்டினார்.

கிரிக்கெட்கூடப் பார்க்காத நானும் உட்கார்ந்து, அடுத்த ஓட்டத்தில் ஒரு தகப்பனைத் தேடிக் கண்டுபிடித்தேன். சிரிப்புகூட வந்தது.

சிகிச்சை அறைப் பக்கம் சத்தம் கேட்டதும் அவர் திரும்பினார். "சேர், கதவுக்கு நேரா வந்து நில்லுங்க. வந்ததும் புள்ள தேடும்."

நின்றேன். கதவு திறந்தது. மயக்கம் முழுவதும் தெளியாத கண்கள் விளக்கு, சுவர், தாதி என்று அலைந்து, என்னிடம் வந்து நின்றன.

பின்னால் கைதட்டல் கேட்டது. அது தொலைக்காட்சியைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.