அடியும் மூட்டிய லுங்கி

பொதட்டூர்பேட்டை விஜிக்கு லுங்கி மூட்டுவதுதான் வேலை. தறியிலிருந்து அறுத்து வரும் துணியின் இரண்டு முனைகளையும் பிசிர் தெரியாமல் உள்ளே மடித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவாள். வேலை சுத்தம், ஆள்தான் சரியான வாலு. சட்டைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால், சட்டைப்பையின் வாயையும் சேர்த்துத் தைத்து அனுப்புவாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போதுதான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவளிடமே வாலாட்டினார் அக்கா புருஷன் அசோக்குமார். திருவாலங்காட்டிலிருந்து ஆடி வரிசைக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே மாமனாரிடம் ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆவப்போற பொண்ணுக்குத் தையல் மெஷின் எதுக்கு மாமா? எங்க அக்கா கேக்குது. எடுத்துகினு போறேன், ஆட்டோ வரச் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. விஜியின் அப்பா துரைக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினார். மெஷின் போனால் விஜியின் வேலையும் போச்சு.

ஆனால் மச்சினிச்சி கேலி செய்தால் அக்கா புருஷனான பாவா கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே வீட்டு வழக்கம்தானே! வரிசைத் தட்டில் வைக்க வேண்டிய லுங்கியை மூட்டியவள், அடிப்பக்கத்தையும் இரட்டைத் தையல் போட்டு மூட்டினாள்.

லுங்கி இருந்தால் ஆம்பளைக்கு உடை மாற்றத் தனி அறை எதற்கு? பாவா தறிக்கூடத்திலேயே, வரிசைத் தட்டில் வந்த அந்த லுங்கிக்குள் இறங்கி, இடுப்பில் கட்டிக்கொண்டு, பேண்ட்டை உள்ளே நழுவவிட்டார். பேண்ட் விழுந்தது, வெளியேதான் வரவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தவர், தத்தித் தத்திப் போய்த் தறிக்காலைக் கட்டிக்கொண்டார். நெய்துகொண்டிருந்த பெண்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு மட்டும் அசையவில்லை.

"ஏய் விஜி! என்னாடி செஞ்சி வெச்சிருக்க?"

"லுங்கின்னா மூட்டணும்ல, நல்லா மூட்டிட்டேன் பாவா."

அவிழ்த்தால் மானம் போகும். அவிழ்க்காவிட்டால் நடக்க முடியாது.

"கத்தரிக்கோல எடுத்துனு வாடி!"

விஜி உண்மையாகவே தேடினாள். எங்கும் இல்லை. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"மெஷின தூக்க ஆட்டோக்காரரு உள்ள வராரு பாவா!"

"வேணாம், வேணாம்! அவர போவச் சொல்லு! மெஷின் இங்கியே இருக்கட்டும்!"

அதைக் காதால் கேட்ட பிறகுதான் துரைக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கத்தரிக்கோல் கிடந்தது.

"அட, இங்கியா கீது?" என்றார். "வயசாயிடுச்சி மாப்ள. மேலயே குந்தினு இருந்தாலும் தெரிய மாட்டேங்குது."