வேனுக்குள் ஒரு கட்டில்

அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். புதுக்கோட்டையில் அறந்தாங்கி ரோட்டோரம் என் அண்ணன் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயசு. என்னைக் கட்டிக்கொண்டவன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். ஒரு கடுதாசி கூட இல்லை. வாழாவெட்டி என்று ஊர் சொல்வதற்கு முன்னால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் பட்டறை வேலைக்குள் புகுந்துகொண்டேன்.

அங்கே என் வேலை டாலி பிடிப்பது. தகட்டையும் சட்டத்தையும் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்கும்போது ஒரு பக்கம் அண்ணன் சுத்தியலால் அடிப்பார். மறுபக்கம் ஓர் ஆள் நின்று, ரிவெட்டின் தலையில் டாலி என்கிற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் ஒல்லி. ஆம்பளைகள் நுழைய முடியாத சந்திலெல்லாம் நுழைந்துகொள்வேன். இன்னொரு வேலையும் என் பொறுப்பு. இரண்டு தகடு சேருகிற இடத்தில், தாரில் தோய்த்த சாக்குப் பட்டையை நடுவில் வைத்து அடிப்போம். வண்டி ஓடும்போது கீச்சுக் கீச்சென்று கத்தாமல் இருக்க அது. சுத்தியல் அடியில் சாக்கு நசுங்கித் தகடோடு தகடாகிவிடும். "அவுக பட்டறை பஸ்ஸு கத்தாதுப்பா" என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர் என்னால் வந்தது என்று எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது!

அந்த மாசியில் கட்டுமாவடிப் பக்கத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி வந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேனைத் திருச்சியில் வாங்கி ஓட்டி வந்திருந்தார். அதற்குள் ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு மேடை, தண்ணீர் டிரம்முக்கு ஒரு இடம், பாத்திரம் வைக்கத் தட்டு, எல்லாம் கேட்டார். "என்ன பாய், ஊரு சுத்தப் போறீங்களா?" என்று அண்ணன் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. அவருடைய மனைவிக்கு முதுகெலும்பில் காசம். இரண்டு வருஷமாக மாவுக்கட்டுப் போட்டு மல்லாந்த படுக்கை. மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். உடம்பை மடக்கக் கூடாது, அலுங்கக் கூடாது, ரயிலில் ஏற்ற வழியில்லை. மதராஸில் தெரிந்த மனுஷர் யாரும் இல்லாததால் மாசக்கணக்கில் அந்த வேனிலேயே பொங்கித் தின்று கிடக்க வேண்டும். அண்ணன் முகம் மாறிவிட்டது. "சனிக்கிழமை காலையில வண்டி ஒங்க கையில" என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் கட்டிலில்தான் வந்தது. அந்த வேனுக்கு இரட்டைச் சுவர். உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று, நடுவில் நாலு விரல்கடை இடைவெளி. கட்டிலைத் தாங்கும் இரும்பு ஆங்கிளை உள்தகட்டில் ரிவெட் அடிக்க வேண்டும். ஆனால் பின்னால் நின்று டாலி பிடிக்க இடம் ஏது? வெளித்தகடு முழுவதையும் பிரித்தால் சனிக்கிழமைக்குள் மூட முடியாது. அதற்கும் பாயிடம் ஒரு வழி இருந்தது. கப்பலில் மெக்கானிக்காக இருந்த அவருடைய அக்கா மகன், சிங்கப்பூரிலிருந்து ஒரு டப்பா ரிவெட்டும் அதற்கான கொறடும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். குழல் மாதிரி ரிவெட், அதன் நடுவில் ஒரு கம்பி. துளையில் செருகிக் கொறடால் கம்பியை இழுத்தால், பின்பக்கம் குழல் உப்பிக்கொண்டு தகட்டைக் கவ்வும். கம்பி 'டக்'கென்று ஒடிந்து வந்துவிடும். பின்னால் ஆளே வேண்டாம்.

ஆளே வேண்டாம் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. அப்படியானால் நான் எதற்கு?

வியாழக்கிழமை காலையில் அண்ணன் சொன்னார்: "ஏத்தா, இதுல சாக்குப் பட்டை வைக்காத. இது குட்டை ரிவெட்டு. கனம் கூடினா புடிக்காதுன்னு அந்தப் பையன் சொல்லிட்டுப் போயிருக்கான்." நான் சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள், கப்பல்காரனுக்குப் பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும், நாளைக்கு வண்டி கத்தினால் யார் பேர் கெடும் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிளை இரண்டு முனையிலும் போல்ட்டில் நிறுத்திவிட்டு அண்ணன் சாப்பிடப் போனார். நான் போல்ட்டைத் தளர்த்தி, பட்டையைச் செருகி, ஓரத்தைப் பிளேடால் சீவி, மேலே சிவப்பு பெயின்ட் தடவி மறுபடி முறுக்கிவிட்டேன். அண்ணன் வந்து துளை போட்டபோது டிரில்லோடு சணல் நார் சுற்றிக்கொண்டு வந்தது. தினம் பார்க்கிற காட்சிதானே, அவர் கண்ணில் அது உறைக்கவே இல்லை. முப்பத்தாறு ரிவெட். ஒவ்வொன்றும் கடுகு வைத்த மாதிரி அழகாக உட்கார்ந்தது. பலகையைப் போட்டு அண்ணன் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவியை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று பாய் அவரை ஒரு நீளப் பலகையோடு, வைக்கோல் மெத்தை பரப்பிய மாட்டு வண்டியில் படுக்கவைத்து, அலுங்காமல் மாட்டை அடி அடியாக நடத்திக் கூட்டிவந்தார். டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பட்டறைக் கொட்டகை நிழலில் பலகையை இறக்கிவிட்டு, ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பாய் பள்ளிவாசலுக்குப் போனார். அண்ணன் சாப்பிடப் போய்விட்டார். நானும் அந்த அக்காவும் மட்டும்.

முப்பது வயசு இருக்கும். கழுத்துக்குக் கீழே இடுப்பு வரை வெள்ளை மாவுக்கட்டு. ஆனால் வாய்க்கு மட்டும் எந்தக் கட்டும் கிடையாது.

"நீதான் உள்ள நொழைஞ்சு டாலி புடிக்கிற புள்ளையா? இம்புட்டு ஒல்லியா இருக்க, எங்க வீட்டுக் கருவாடே தேவலாம் போல!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டார்: "ஏன் புள்ள, பின்னாடி ஆளே இல்லாம அந்த ஆணி எப்புடிப் புடிக்குது? எனக்கு அது மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது."

காட்டுகிறேன் அக்கா என்று இரண்டு துண்டுத் தகட்டை எடுத்துத் துளை போட்டு, மிச்சமிருந்த ரிவெட்டில் ஒன்றை இழுத்துக் காட்டினேன். பின்பக்கம் திருப்பினால் குழல் குண்டாக உப்பிக் கவ்வியிருந்தது. அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அட, கெட்டிக்காரத்தனத்தப் பாரேன்!" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. எங்கள் பட்டறைக் கைவேலையையும் காட்ட வேண்டும் என்று, ஆங்கிள் துண்டும் தகடும் எடுத்து, நடுவில் சாக்குப் பட்டை வைத்து இன்னொன்று இழுத்தேன். 'டக்'. முன்பக்கம் அதே கடுகு. திருப்பினேன். பின்னால் ஒன்றுமே இல்லை. சுத்தியல் அடி இல்லாததால் சாக்கு நசுங்காமல் தடிமனாகவே நின்றது. குழலின் நுனி துளையை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளுக்குள்ளேயே ஏனோதானோவென்று உப்பியிருந்தது. துண்டை இரண்டு கையாலும் பிடித்து நெம்பினேன். கழன்று கையோடு வந்துவிட்டது.

"எங்க, காட்டு?"

"ஒண்ணுமில்லக்கா. இது சரியா விழல." முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

அக்கா கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இரண்டு வருஷமாக உத்தரத்தை மட்டும்தான் பார்க்கிறாராம். ஏழு வயசு மகளுக்கு ஒருநாள் கூடத் தலை பின்னிவிடவில்லையாம். "ஆபரேசனுக்குக் கூட எனக்குப் பயம் இல்ல புள்ள. வழியில எங்கிட்டாச்சும் விழுந்து வச்சா, அதோட முடிஞ்சதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் ராத்தூக்கம் இல்ல. இப்ப நீ காட்டினியா, மனசு ஆறிப்போச்சு."

அப்போது என் புத்தி போன போக்கைச் சொன்னால் நீங்கள் என் மூஞ்சியில் துப்புவீர்கள். அண்ணன் உட்கார்ந்தபோது தாங்கியதே, இவர் படுத்தாலும் தாங்கும் என்று நினைத்தேன். தாங்காவிட்டாலும் மதராஸ் ரோட்டில் எங்கேயோ விழுந்தால் ரோடு மேல் பழி போகும் என்று கூட நினைத்தேன். சொன்னால் அண்ணன் என்னைப் பட்டறைப் பக்கமே விட மாட்டார். வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சுவருக்குள் எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். என்னால் முடியவில்லை.

பாயும் அண்ணனும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். முந்தானையிலிருந்த இரண்டு துண்டையும் அண்ணன் கையில் வைத்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாமென்றும் நான்தான் பட்டை வைத்தேன், ஒரு ரிவெட் கூடப் பிடித்திருக்காது, அக்காவை ஏற்றாதீர்கள் என்று. அண்ணன் கை ஓங்கிவிட்டார். "கொலகாரி! பொம்பளைய வேலைக்கு வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்!" என்று கத்தினார். பாய் வேனுக்குள் எட்டிக் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "வேற பட்டறை பாத்துக்கிறேன் தம்பி. வண்டிய வெளிய எடுத்து விட்டுடுங்க" என்றார்.

பலகையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இங்கிட்டு வாங்க ரெண்டு பேரும். நான் எந்திரிச்சு வர முடியாதுல்ல?" வந்து நின்றார்கள். "வேற பட்டறைக்குப் போறீங்க. அங்கயும் மனுசன்தான் ஆணி அடிப்பான். அவன் தப்பா அடிச்சா நம்மகிட்ட வந்து சொல்லுவானா? இந்தப் புள்ள சொல்லிருச்சு. இதே செய்யட்டும். நாளைக்கி இது செய்யிற கட்டில்லதான் நான் படுப்பேன்."

பாய் சரியென்று தலையாட்டினார். நான் விக்கி விக்கி அழுதேன்.

டப்பாவில் எட்டு ரிவெட்தான் மிச்சம். யோசனை எனக்குத்தான் வந்தது. கட்டிலுக்குக் கீழே, உள்தகட்டில் மூன்று இடத்தில் கை நுழையும் அளவு ஓட்டை வெட்டுங்கள், நான் கையை விட்டு உள்ளிருந்து டாலி பிடிக்கிறேன், நம்ம ரிவெட்டே அடிக்கலாம், கை எட்டாத இடத்துக்கு மட்டும் அந்த எட்டு என்றேன். அண்ணன் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே உளியை எடுத்தார்.

பழைய ரிவெட் தலைகளையெல்லாம் டிரில்லால் எடுத்து, ஆங்கிளைக் கழற்றி, நான் வைத்த பட்டையை நானே சுரண்டி எடுத்தேன். பிறகு வேன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தோள்வரை கையை ஓட்டைக்குள் விட்டேன். ஒன்றும் தெரியாது. விரலால் தடவித் துளையைக் கண்டுபிடித்து, ரிவெட்டை உள்ளிருந்து செருகி, தலையில் டாலியை அழுத்தி "ம்" என்பேன். அண்ணன் அடிப்பார். வெட்டிய தகட்டின் ஓரம் பட்டுப் பட்டு முழங்கை கிழிந்தது. நாலைந்து அடித்த பிறகு அண்ணன் தன் தோள்துண்டை எடுத்து ஓட்டையின் ஓரத்தில் சுற்றிவிட்டார். வெளியே அக்கா பலகையில் படுத்தபடி "எத்தனை ஆச்சு புள்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் தாழ்வதற்குள் முப்பத்தாறும் முடிந்தது.

"இப்ப ஒங்க அண்ணன் உக்காந்தாப் பத்தாது. நீ ஏறிப் படு" என்றார் அக்கா. நான் படுத்தேன். அண்ணனும் பாயும் கட்டிலின் ஓரத்தில் வேறு ஏறி உட்கார்ந்துகொள்ள, மதராஸுக்கு ஓட்டிப் போகப் பாய் அமர்த்தி, அன்று சாயங்காலம் வந்து சேர்ந்திருந்த டிரைவர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போகிற மண்ரோட்டில் வண்டியை விட்டார். குண்டும் குழியுமான ரோடு. மல்லாந்து படுத்திருந்த எனக்கு வேன் கூரை மட்டும்தான் தெரிந்தது. அடுத்த பள்ளம் எப்போது வரும் என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இப்படியா ஒருத்தி இரண்டு வருஷம் கிடந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வந்து ஆங்கிளைத் தட்டிப் பார்த்தோம். ஒரு நூல் கூட நகரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டுப் போனார்கள். அண்ணன் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் ஒரு பஸ் வேலை வந்தது. "வாரியா, டாலி புடிக்கணும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சமாதானம்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அந்த வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. பாய் இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போவார் என்று பார்த்தால், முன் ஸீட்டுக் கதவைத் திறந்தார். அக்கா உட்கார்ந்திருந்தார்! உட்கார்ந்திருந்தார் என்று எழுதும்போதே இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். "தள்ளு புள்ள" என்று என்னை விலக்கிவிட்டு, மழைச் சகதியில் காலை ஊன்றி, ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, கொட்டகைக்குள் தானாகவே நடந்து வந்தார். எட்டு அடி. நான் எண்ணினேன். வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "பாத்தியா?" என்றார்.

இத்தனை வயசுக்கு அப்புறமும் ஏதாவது ஒரு தப்பைச் செய்துவிட்டால், யாருக்குத் தெரியப்போகிறது என்று என் மனசு ஒரு நிமிஷம் சாக்குச் சொல்லத்தான் பார்க்கிறது; அந்த நிமிஷத்தில் சகதியில் பதிந்த அந்த எட்டு அடி கண்முன் வந்து நிற்கும், நான் எழுந்துபோய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.