போன் வந்த நேரம்

பியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் தங்கையின் கணவர் கூடத்தில் நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. காரைக்காலில் எங்கள் தலத்தெரு வீட்டில் பியூஸ் போய்விட்டது. கம்பியை மாற்றிவிட்டார். ஆனால் கட்டையைத் திரும்பச் செருக மாட்டேன் என்கிறார். வீட்டில் உள்ள எல்லோரும் அவர் கண்முன் வந்து நிற்க வேண்டுமாம். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரரான என் அப்பா, குளித்துக்கொண்டிருந்தவர், ஈர வேட்டியோடு வந்து நின்றார். ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு எண்ணிய பிறகுதான் விளக்கு எரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலேயே இப்படி என்றால் வேலையில் கேட்கவா வேண்டும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் சென்னையில் மின்சார ரயில் பாதையில் வேலை பார்த்தோம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியைப் பழுது பார்க்கும் குழுவுக்கு அவர் ஃபோர்மேன். அந்தக் கம்பிக்கு மின்சாரத்தை நிறுத்துவதும் விடுவதும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த என் பொறுப்பு. மின்சாரத்தை நிறுத்தி அவர் பெயருக்கு அனுமதி கொடுப்பேன். வேலை முடிந்ததும் அவரே போனில் அதைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை நான் சுவிட்சைத் தொடக் கூடாது. மற்ற ஃபோர்மேன்கள் ஆட்கள் இறங்கியதும் சொல்லிவிடுவார்கள். இவர் தோளைத் தொட்டு எண்ணுவார். "எண்ணிட்டேன் மச்சான், இன்னொரு தடவ எண்ணிட்டுச் சொல்றேன்" என்பார், மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருப்பவர்போல. நிற்கிற வண்டிகளுக்காக அதிகாரி என்னைத்தான் காய்ச்சுவார்.

தங்கை முதல் பிரசவத்துக்குக் காரைக்கால் போயிருந்தாள். அடைமழைக் காலம். ஒரு மதியம் கம்பி அறுந்து, அவர் பதினோரு பேரோடு பாதையில் இருந்தார். இரண்டரை மணிக்கு அப்பா ட்ரங்க் கால் போட்டார்.

"கொழந்த பொறந்துடுச்சுப்பா. தங்காதுங்கறாங்க. மாப்பிள்ளய ஒடனே அனுப்பு."

மழையில் ரோடு அறுத்துக்கொண்டு பஸ் எல்லாம் நின்றுபோயிருந்தது. எழும்பூரிலிருந்து சாயங்கால வண்டி ஒன்றுதான் வழி. அதைப் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம்.

அவரோடு பேசும் போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. செய்தியைக் கேட்டுக் கலங்கி, எண்ணும்போது ஓர் ஆளை விட்டுவிட்டால் என்ன ஆவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அவர் கிளம்புவதென்றால் ஆட்களை இறக்கி, அனுமதியைத் திரும்ப வாங்கி, வேறொரு ஃபோர்மேனை வரவழைத்து அவர் பெயருக்கு மறுபடி எழுத வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் வண்டிகள் நிற்கும். அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு என் பயம்.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு தடவை எண்ணி முடித்து அனுமதியைத் திருப்பித் தந்தார். அப்புறம்தான் சொன்னேன். வண்டி போய்விட்டது. மறுநாள் காலை வண்டி பிடித்துச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை. அன்று காலை பத்து மணி வரை இருந்திருக்கிறாள். மதியமே அடக்கம் செய்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து நானும் ஊருக்குப் போய், இருவரும் அரசலாற்றுப் பாலத்தில் நடந்தபோது, "போன் எப்ப வந்துச்சு மச்சான்?" என்று கேட்டார். ஐந்தரைக்கு என்றேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, அழைப்புகளின் நேரம் எழுதும் பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தேதியில், இரண்டரை என்று நான் எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. மூடி வைத்துவிட்டு, டீ சாப்பிட வர்றீங்களா என்றார்.

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுத் தலத்தெருவில் இருக்கிறோம். அதற்குப் பிறகு அவர்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்து பெரியவர்களாகிவிட்டார்கள். தங்கைக்கு மட்டும் ஆறவில்லை. "இவருக்கு ஆளுங்கள எண்றதுதான் முக்கியம். பெத்த புள்ள மூஞ்சியப் பாக்க வரல" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள். மனிதர் குனிந்து சாப்பிடுகிறார். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா? அவர் மேல் எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. போன வாரமும் அவள் அதையே சொன்னாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரசம் ஊத்தும்மா" என்றேன் நான்.