இரும்பு வேலை என்று ஒரு கடிதம்

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கோதை மறுபடி நிரப்ப, கையால் அழுத்தும் பிரஸ் என்று ஒன்று இருக்கிறது. பாட்டன் காலத்துப் பிரஸில், கோதுக்கு வடிவம் கொடுக்கும் இன்றைய அச்சு பொருந்தாது, அதைப் பொருந்த வைப்பதுதான் என் தொழில். அடுத்தவர் சாமானைத் திருத்திப் பிழைக்கும் என் இனத்தவரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சாமான் சரியாகிவிட்டால் அவர்களுடைய பாட்டன் கெட்டிக்காரர். சரியாகாவிட்டால் நாம் மடையர்கள்.

இங்கிலீஷ்காரர் ஊரான லூயிஷாமில் ரயில் பாலத்து வளைவு ஒன்றின் கீழே, இரும்பு கடையும் என் லேத் நின்றது. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் பொலிஸ் அனுமதியோடு இலக்குப் பார்த்துச் சுடும் கிளப்காரர்கள். என் பக்கமும் ஒரு சட்டம் உண்டு: பிரஸ் வரலாம், தோட்டா வரக்கூடாது. அப்படியிருந்தும், நான் உள்ளே குண்டு செய்கிறேன் என்று பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர் வளைவின் சொந்தக்காரருக்கு எழுதிப் போட்டுவிட்டார். குத்தகை முடிய மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. சொந்தக்காரரின் முகவர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். “நீங்கள் செய்வது வெறும் இரும்பு வேலை என்று, உங்களைத் தெரிந்த ஒருவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள். ஒரே ஒருவர் போதும், குத்தகையை நீட்டிவிடலாம்.”

நாலு சுற்று

முதலில் ஹாரிஸிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஆறு வருட வாடிக்கை. அந்தக் கிழமைதான் அவருடைய பிரஸின் தலையைக் குடைந்து, புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றை இறக்கி, அதற்குள் புது அச்சு திருகி இறங்க மரை வெட்டியிருந்தேன். இங்கே மரையை அங்குலக் கணக்கில் வெட்டுவார்கள். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் பழகிய என் கை, என்னைக் கேட்காமலே மில்லிமீட்டரில் வெட்டிவிட்டது. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். அச்சு நாலு சுற்று ஒழுங்காக இறங்கி, ஐந்தாவதில் இறுகி நின்றது.

பிழை என்னுடையது, ஒத்துக்கொண்டேன். வேறு புஷ் கடைந்து, அவர் கண் முன்னாலேயே பொருத்திக் காட்டினேன். கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் கடிதத்தைப் பற்றி வாய் திறந்தேன். அவர் கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னமும் மில்லிமீட்டரில் யோசிக்கிற ஒருவருக்கு நான் எப்படிப் பொறுப்பு நிற்பது?”

கோயில் வாசலில்

வெள்ளைக்காரன் கைவிட்டால் நம்மவர் இருக்கிறார்களே என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நோர்பரியில் கணக்காளராக இருக்கும் சிவநேசன் அண்ணை செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். இருபது வருடப் பழக்கம். அவருடைய மகளின் கலியாணத்துக்கு மணவறையின் இரும்புக் கால்களைக்கூட நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்.

விசயத்தைச் சொன்னதும் அண்ணை என்னை மதில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையைச் சொல்லு தம்பி. நீ ஊரிலை சண்டை நேரத்திலையும் இந்தக் குண்டு வேலைதானே பார்த்தனி?”

“இல்லை அண்ணை. நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை லேத்தைக் கண்ணாலையும் கண்டதில்லை. ஜெர்மனியிலை பேக்கரியளிலை பாண் வெட்டுற மெசினுக்குச் சாமான் கடைஞ்சுதான் தொழில் பழகினனான்.”

அவர் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. ஹாரிஸ் சொன்னது சுட்டது, இது எரிந்தது. அண்ணை என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “எங்கடை பேரை இதுக்குள்ளை இழுக்காதை. வேணுமெண்டால் உன்ரை நட்சத்திரத்தைச் சொல்லு, ஒரு அர்ச்சனை செய்விக்கிறன்.”

வெற்றுக் கோது

மார்கரெட் ஒரு கிளப்பின் பொருளாளர். தன் பிரஸை எடுத்துப் போக வந்த நாள், பொருத்தம் பார்க்கவென்று கைப்பையிலிருந்து ஒரு பித்தளைக் கோதை எடுத்து என் மேசையில் வைத்தார். வெறும் கோது, உள்ளே ஒன்றுமில்லை. தெரியும். ஆனால் என் கை அதன் பக்கம் போகவில்லை. என் சட்டம் மறந்துவிட்டதா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“ஏன் அப்படி ஒரு சட்டம்?” என்றார். இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பாதையில் பளபளத்துக் கிடந்த இப்படி ஒன்றை எடுக்கப் போய் என் தம்பி கண்ணிவெடியில் கால் வைத்ததைச் சொன்னேன். அவனுக்கு ஒன்பது வயது. சொல்லியிருக்கவே கூடாது. மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடிதம் பற்றி நான் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இதற்குப் போய் நீங்கள் கெஞ்ச வேண்டாம். எல்லாவற்றையும் நான் எழுதுகிறேன்.”

மூன்று பக்கம்

எழுதினார். அழகான கையெழுத்தில் மூன்று பக்கம். நல்ல மனசோடு எழுதியதுதான். போர் தின்ற என் ஊர், போரில் போன என் தம்பி, போரின் காயத்தோடு இந்தக் கருவிகளைத் தொட்டு வேலை செய்யும் என் துணிச்சல். புஷ், மரை, லேத் ஒன்றும் இல்லை. உறையை ஒட்டித் தந்திருந்ததால், முகவர் பிரித்த பிறகுதான் எனக்கே தெரியும்.

முகவர் மூன்று பக்கத்தையும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். பிறகு கடிதத்தை மடித்து, மரியாதையாக என் பக்கம் நகர்த்தினார்: “மன்னிக்க வேண்டும். ‘போர்’ என்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன், ‘இரும்பு’ என்பதை ஓர் இடத்திலும் காணவில்லையே.”

மாதக் கடைசியில் லேத்தை லொறியில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். இருபது வருடமாக இங்கே இரும்பைக் கடைந்த ஒருவனைப் பற்றி ‘இரும்பு’ என்று எழுத ஓர் ஆள் இந்த ஊரில் அகப்படவில்லை என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.