துலுக்காத ஆடு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுக் கறிச்சோற்றுக்காக ஒரு மனிதரின் டிரம்மைப் பொய் பேச வைத்தவன் நான். ஒரு தட்டு என்பதும் பொய்... மூன்று!

அவர் பெயர் ரமோன். கியூபாவில் பிறந்த கறுப்பினத் தாளக்காரர். எங்கள் ஊர் டீச்சர் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டார். தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு டிரம் சொல்லிக்கொடுக்கிறார். நான் அவருக்குக் கையாள். அதற்கு முன் கல்யாண பேண்டில் இருந்தேன். என் அடியைக் கேட்டு மாப்பிள்ளைக் குதிரை மிரண்டோடியது என் ஒரே சாதனை.

மடியில் கிடத்தி இருபக்கமும் அடிக்கிற டிரம் ஒன்று அவரிடம் உண்டு. அவருடைய குரு கொடுத்தது. புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் அதில்தான் கை வைக்க வேண்டும். அதன் தோல் கிழிந்தது. சாமிக்குக் கொடுத்த கிடாயின் தோல்தான் அதில் ஏறலாம் என்பது அந்தக் குருவழி வழக்கம்.

"கன்னிவாடில எங்க மாமா வீட்டுக் கிடாவெட்டு வருது மாஸ்டர். தலையில தண்ணி தெளிப்போம். ஆடு உடம்பைத் துலுக்குனாத்தான் சம்மதம். துலுக்கலைன்னா கத்தியைத் தொட மாட்டோம்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "ஆட்டுக்கிட்டயே கேக்குறீகளா! அந்தத் தோலைக் கொண்டா அப்பு. கேக்காம எடுத்த தோல் பொய் பேசும். பிள்ளைக கை அந்தப் பொய்யைக் கத்துக்கிரும்."

போனேன். ஆடு துலுக்கியது. தின்றேன். வேப்பமரத்தடியில் உறங்கினேன். விழித்தபோது தோலை நாய்கள் குதறியிருந்தன...

உண்மையைச் சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. பேகம்பூர் தோல் மண்டியில் வேறொரு தோல் வாங்கினேன். எந்த ஆடோ! எப்படிச் செத்ததோ!

"துலுக்குச்சா அப்பு?"

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை மாஸ்டர்!"

அந்த இரண்டாவது தடவை என் கைச்சரக்கு. கோமாளியல்லவா!

தோல் ஏறியது. பிள்ளைகள் எல்லோரும் அதில் கை வைத்தார்கள். பிறகு... நீங்கள் சிரிப்பீர்கள். அவரவர் டிரம்மில் வாசித்துக்கொண்டே இருக்கையில், ஒரே இடத்தில், எல்லாக் கைகளும் ஒன்றாக நின்றன. தாளம் தவறினால் ஆளுக்கொரு இடத்தில் அல்லவா தவற வேண்டும்? மாதா கோயில் திருவிழாவில், அத்தனை கூட்டத்தின் முன், மறுபடியும் அதே இடத்தில் நின்றன. அந்த டிரம்மை நான் தனியாக அடித்துப் பார்த்தேன். என் கையும் அங்கேயே நின்றது!

ரமோன் தம் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைதான் கெட்டுப்போச்சு. இனி நான் யாருக்கும் சொல்லிக்குடுக்கக் கூடாது."

அதற்குமேல் தாங்கவில்லை. கொட்டினேன், எல்லாவற்றையும், நாய்கள் உட்பட. ஒரு அறையாவது விடுவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தத் தோலின்மேல் தெளித்தார். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் காயும்வரை...

அன்றிலிருந்து தினமும் காலையில் தெளிக்கிறார். பிள்ளைகள் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். எனக்கும் சிரிப்பு வருவதில்லை. செத்த ஆடு எங்கேயாவது பதில் சொல்லுமா? இதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லாது என்று அவரே சொல்லிவிட்டால்...?

இன்று மட்டும் மெல்லக் கேட்டேன், "நாளைக்காச்சும் வகுப்பு உண்டுல்ல மாஸ்டர்?"

அவர் தோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் துலுக்கலை."