பூட்டிய பிறகும் எரிந்த கார் விளக்கு

பத்தொன்பது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். டையோடு ஒரு பக்கமாகத்தான் மின்சாரத்தை விடும், மறுபக்கம் விடாது என்று எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேனோ, எனக்கே தெரியாது. ஆனால் டையோடைக் கையில் எடுத்துத் தலைகீழாக மாட்டிவிட்டு விழித்தது எங்கள் பழைய காருக்குள்தான்.

மகளை மார்த்தாண்டத்தில் டியூஷனுக்கு விட்டுவிட்டு, அவள் வரும்வரை காரிலேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவது என் வழக்கம். கூரை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எழுத்தெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நாலு எல்இடி பல்புகள் வாங்கினேன். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, டிக்கியில் ஒன்று.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அதுல கை வைக்காண்டாம் கேட்டியா. இருக்கிற வெளிச்சமும் போயிரும்."

"பல்பு மாத்துதது ஒரு பெரிய காரியமா? சும்மா இருங்க."

முதல் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். அதன் முனை உள்ளே உலோகத்தில் பட்டதும் சட்டென்று ஒரு பொறி. விளக்கோடு ரேடியோவும் கடிகாரமும் சேர்ந்து செத்தன. அவர் பாட்டுக்கு ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மூன்றும் ஒரே நொடியில் போனால், மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஃபியூஸ் கருகிக் கிடந்தது. மாற்று ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே இருந்தது. புத்தி வந்தவளாய், நாலு பல்புகளையும் மாட்டி முடித்த பிறகே அதைச் செருகினேன். ரேடியோ பாடியது. மூன்று பல்புகள் பால்போல் எரிந்தன. நடுப் பல்பு மட்டும் அசையவில்லை.

"டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் அவர்.

கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் என் கரும்பலகைப் படம் கண்முன் வந்தது: எல்இடியும் ஒரு டையோடுதானே! முனை மாற்றிப் போட்டேன். எரிந்தது. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

ஆனால் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். காரைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உள்ளே மின்மினிபோல ஒரு மங்கிய வெளிச்சம். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது.

திங்களன்று பள்ளி விட்டதும் தக்கலையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினேன்.

"வயரிங்ல எங்கயோ லீக்கு டீச்சர். சீலிங்க முழுசா இறக்கணும். ரெண்டு நாளு வண்டி இங்க கெடக்கட்டு."

"பழைய பல்பு இருந்தப்ப இப்படி இல்லியே?"

"அப்போ பழசையே போடுங்க."

அவர் எரிச்சலில் சொன்ன அந்த வார்த்தையை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அணைத்த பிறகும் ஒரு துளி மின்சாரம் முன்பும் கசிந்திருக்கும். பழைய பல்பின் இழையைச் சூடாக்க அந்தத் துளி போதாது, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்இடிக்கோ அதுவே போதும். அப்படியென்றால் அதே இணைப்பில் ஒரே ஒரு பழைய பல்பைப் போட்டால், கசிவு அதன் வழியாகப் போய்விடாதா?

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் டிக்கியில் இருந்த எல்இடியை எடுத்துவிட்டுப் பழைய பல்பை மாட்டினேன். பூட்டினேன். இருட்டும்வரை காத்திருந்து, கண்ணாடியில் கைகளைக் குவித்து வைத்துப் பார்த்தேன். கும்மிருட்டு. அவரையும் இழுத்து வந்தேன்.

"ஒண்ணும் தெரியல்லியே" என்றார்.

"அதத்தான் சொல்லுதேன்! தெரியப்படாது!"

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சாதிச்சிட்டியே மக்கா."

அடுத்த நாள் எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பாமல் காரைப் பூட்டி, பகல் வெளிச்சம் படாமல் தலையோடு சேர்த்துக் கண்ணாடியில் ஒரு போர்வையைப் போர்த்தி உள்ளே பார்த்தார்.

"சீலிங்க இறக்காமலா?"

"இறக்காமத்தான்."

இரண்டு வாரம் கழித்து, ஆசிரியர் அறையில் இருந்தபோது அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"டீச்சர், உங்க வண்டி மாதிரியே ஒண்ணு வந்துது. ஒரு பழைய பல்பு போட்டேன், அந்த மங்கல் வெளிச்சம் நின்னுட்டு. அது எப்படின்னு வண்டிக்காரரு கேக்காரு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களே சொல்லுங்க."

நான் எழுந்து நின்றுகொண்டேன். தொண்டையைச் செருமிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.