அம்மன் குடித்த தண்ணீர்

பித்தளைச் செம்பு சாய்கிறது. மஞ்சள் தண்ணீர் மண்ணைத் தொட்டதும் காணாமல் போகிறது. யட்டவத்தைக்கு மேலே, ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பின்புறம் நான் முதலில் கண்டது அதைத்தான். அபிஷேகத் தண்ணீர் முழுவதையும் பூசாரி அங்கிருந்த சின்னக் குழியில்தான் ஊற்றுவார். எத்தனை குடம் ஊற்றினாலும் அது நிரம்பாது. "அம்மா குடிக்கிறாங்க மிஸ்," என்றார், வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. நான் சிரித்துக்கொண்டேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்கள் வெடித்ததால் நிலத்தடியைப் பார்க்க நில ஆய்வாளர்களான எங்களை அனுப்பியிருந்தார்கள். அடியில் கல் நிறைந்திருந்தால் பூமி கடுகளவு கூடுதலாக இழுக்கும். பொந்து இருந்தால் இழுப்பு குறையும். அந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான் எங்கள் ஈர்ப்புமானியின் வேலை. ரோட்டில் தொடங்கி, கோயில், லயம் என்று கருவிப் பெட்டியை இறக்கி இறக்கி அளந்தோம். கோயிலை நெருங்கியதும் இழுப்பு குறையத் தொடங்கியது. கருவிதான் சதி செய்கிறதென்று திட்டிக்கொண்டே ரோட்டுக்குத் திரும்பி மறுபடி அளந்தேன். முதலில் வந்த எண்ணே வந்தது; கருவியில் ஒரு குறையுமில்லை. சுண்ணக்கல்லைத் தண்ணீர் அரித்து, குழியிலிருந்து லயத்துக் கடைசி வீட்டுக் காம்பரா வரை உள்ளே வெறும் பொந்து. அந்தக் காம்பராவில்தான் பூசாரியின் பேத்தி சீலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அடியை எடுத்து வைக்கவே பயந்தேன்.

லயத்து ஆட்களிடம் உடனே வெளியேறச் சொன்னோம். ஒருவரும் அசையவில்லை. "அம்மாவ விட்டுட்டு எங்க போறதுங்க?" என்றார்கள். பூசாரி மட்டும் குழியையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, திருவிழா இல்லாத அந்த நாளில், அம்மனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அம்மன் புறப்பட்டால் வீட்டில் யாரும் தங்குவதில்லை; அது அந்தத் தோட்டத்து வழக்கம். லயமே அவர் பின்னால் நடந்தது. பள்ளிக்கூடத்தில் அம்மனோடு எல்லாரும் தங்கினார்கள்.

அந்த வாரத்து மழையில் கடைசிக் காம்பரா அப்படியே உள்ளே இறங்கியது. மண்ணுக்கு மேலே தகரத்தின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. தொட்டில் கட்டியிருந்த கூரை வளைமரத்தைத் தேடித்தேடிப் பார்த்தேன், காணவில்லை. அளந்து சொன்னவளே நான்தான். என்னாலேயே நம்ப முடியவில்லை.

புதுக் கோயிலுக்குக் கல் நிறைந்த இடமாக அளந்து கொடுத்ததும் நானே. இந்த வருடத் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதுக் குழியில் பூசாரி அதே செம்பைச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் இறங்கவில்லை. நிரம்பி வழிந்து எங்கள் கால்களை நனைத்தது. கூட்டம் திகைத்து நின்றது. "குடிக்க மாட்டேங்கிறாங்களே மிஸ்," என்றார் பூசாரி, குரல் உடைந்து. அவருடைய பேத்தி அந்தத் தண்ணீரில் குதித்துக் குதித்துச் சிரித்தாள்.